மேல் லைனுக்கு நான் போகவில்லை

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் ஒரு வேலை சொன்னாய். "அம்மா, அந்த எஸ்டேட் பாகத்துக்கு அப்போ யார் பி.எல்.ஓ.ன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு. அடுத்த செஷன்ல சார் அதைத் திரும்ப எடுக்கறார். பேர் கெடைச்சாப் போதும்" என்றாய். விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை. அது நான்தான். அங்கே மேல் லைன் குடும்பங்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதியது நான். பிறகு நீ டெல்லியில் உட்கார்ந்து உங்கள் எம்.பி.க்காக எழுதிய கேள்விக்கு, இங்கே மஞ்சூரில் உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்ததும் நான். இதை உன்னிடம் பேசிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். நீ எப்போதும் எங்கேயோ நடந்துகொண்டே பேசுகிறாய். பின்னால் யாராவது உன்னைக் கூப்பிடுகிறார்கள். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல், நடந்தது நடந்த வரிசையில் படி.

என் வேலை உனக்குத் தெரியும். காலையில் அங்கன்வாடியைத் திறந்து, பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்து, மதியச் சோறு முடித்து, தூங்கவைத்து, பதிவேடுகளை எழுதி, கைப்பேசியில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புவது. இதோடு நம் தெருவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, நீ சொல்கிற அந்த பி.எல்.ஓ. வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், யார் இறந்துபோனார்கள், யார் ஊர் மாறினார்கள் என்று பார்த்துப் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. போன தேர்தலுக்கு முந்தைய பட்டியல் திருத்தத்தின்போது பக்கத்து எஸ்டேட் பாகத்தையும் என்னிடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தானுங்க டீச்சர், நீங்க பாத்தீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார் வருவாய் ஆய்வாளர், நம் ஆர்.ஐ. நான் சரி என்றேன். இத்தனை வருட வேலையில் முடியாது என்று சொல்லிப் பழகவேயில்லை. அதை நல்ல குணம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எஸ்டேட்டில் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற தொழிலாளர் லைன் வீடுகளுக்கெல்லாம் போனேன். மேல் லைன் என்பது தனி. ஃபேக்டரியிலிருந்து தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறிப் போக வேண்டும். வழியில் காட்டெருமை நிற்கும். நான் போன அன்று மூன்றாவது நாளாக மழை விடவில்லை. முன்னால் நிற்கிற செடி தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. முட்டி வலியும் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முட்டி இன்றைக்கும்தான் வலிக்கிறது. தேயிலை எடை போடும் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். எஸ்டேட் மேஸ்திரி அங்கே இருந்தார். "மேல் லைனுக்கா போறீங்க? அங்க யாருமில்லைங்க டீச்சர். வேலை இல்லாம எல்லாம் திருப்பூர் போயிட்டாங்க. எதுக்கு வீணா ஏறிக்கிட்டு" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பூட்டிய கதவுகளைப் பார்த்தவர், பார்த்ததைச் சொன்னார். எந்த வீட்டில் யார், எத்தனை பேர் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். பட்டியலை முடித்துக் கொடுக்க இரண்டே நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து, அத்தனை பெயருக்கும் நேராக 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்' என்று எழுதினேன். மூன்று முறை நேரில் போனதாகக் காட்ட வேண்டும். மூன்று தேதிகளை ஒரே மூச்சில், ஒரே பேனாவில் எழுதினேன். கதவில் ஒட்டவேண்டிய அறிவிப்புகளை மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினேன். அவர் ஒட்டினாரா என்று கேட்கவில்லை.

உன் அப்பா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். குந்தா பவர் ஹவுஸில் அவர் வேலை பார்த்த நாளெல்லாம் மணிக்கொரு தரம் மீட்டர் முன்னால் போய் நின்று, முள் காட்டுவதைப் பார்த்துத்தான் ஏட்டில் எழுதுவார். கூட வேலை செய்தவர்கள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மொத்தமாக நிரப்பிவிட்டுப் போவார்கள். இதனால் ஒருமுறை பெரிய சண்டை வந்து, அவருடைய நெருங்கிய சிநேகிதர் ஒருவர் நம் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். உனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். "யாருங்க அதைப் போய்ப் பாக்கப் போறாங்க, இதுக்குப் போய் ஒரு சிநேகிதத்தை விட்டுப்போட்டீங்களே" என்று நான் அவரைக் கேலி செய்தேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். மூன்று தேதிகளையும் எழுதிய அந்தச் சாயங்காலம் அவர் ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். அன்றைக்கு எனக்குத் தூக்கம்தான் வந்தது. அவர் ஞாபகம் வந்தது வெகு நாள் கழித்து.

ஓட்டுப்போடும் நாளன்று சாவடிக்கு வெளியே மேசை போட்டு, பட்டியலோடு நான் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்குப் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். பஸ்ஸில் வாந்தியெடுத்த பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தன் ஸ்வெட்டரால் சுற்றியிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நாலு மாதமாக வேலை, ஓட்டுக்காக லீவு கேட்டு விடியுமுன் கிளம்பி வந்தேன் என்று அவளாகவே சொன்னாள். பெயர் பார்வதி, மேல் லைன் என்றாள். தெரிந்தும் பட்டியலைப் புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். "பேரு இல்லைங்களே" என்றேன். "நல்லாப் பாருங்க டீச்சர், போன தடவை போட்டேனே" என்றாள். அவள் வீட்டுக்காரர் பெயரும் இல்லை, மாமியார் பெயரும் இல்லை என்று சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "செத்துட்டேன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஊரை விட்டுப் போய்விட்டதாக எழுதியிருக்கிறது என்றேன். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. "எந்த ஊருக்குங்க போயிட்டேன்? லயத்துல என் சட்டி பானையெல்லாம் கெடக்கு. எங்கப்பாவை சிலோன்ல நீ இந்த ஊரு இல்லைன்னு அனுப்புனாங்க. இங்க வந்து இந்த ஊருதான்னு காட்டறதுக்கே அவருக்குப் பாதி ஆயுசு போச்சு. இப்ப என்னையும் அனுப்பிட்டீங்களா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தவர் தன் சிலிப்பை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். பார்வதி கொஞ்ச நேரம் ஓரமாக நின்றாள். பிறகு போய்விட்டாள். மேல் லைனிலிருந்து அன்று சாயங்காலம் வரை இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களுக்கும் அதையே சொன்னேன்.

இதற்குப் பிறகுதான் நீ லீவில் வந்தாய். குன்னூரிலிருந்து வந்த பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் பார்வதி உட்கார்ந்திருந்திருக்கிறாள். நீ எம்.பி. ஆபீஸில் வேலை என்று சொல்லிப் பேச்சுக் கொடுக்க, அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நீ ரசஞ்சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினாய். "ஒரு லைன் முழுக்கக் காணோம்மா. கதவைத் தட்டிப் பார்க்கக்கூட ஆள் போகலை. எப்படிம்மா மனசு வரும்?" என்றாய். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது. இத்தனை நாள் அடுத்தவர் பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவனுக்கு, தானே கண்டுபிடித்த ஒன்று கிடைத்திருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் முன்னால் நான் கெட்டுப்போவேன் என்ற பயத்துக்குத்தான் அப்படி ஒரு பெயர் வைத்தேன்.

நீ திரும்பிப் போய்க் கேள்வியை எழுதினாய். எனக்கு ஃபோனிலேயே படித்துக் காட்டினாய். வேலை தேடிச் சில மாதம் வெளியூர் போகிறவர்களை நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் என்று கொள்ளலாமா, மலைத்தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் அப்படி நீக்கப்பட்டது அரசுக்குத் தெரியுமா, தெரியும் என்றால் எடுத்த நடவடிக்கை என்ன என்று வரிசையாக இருந்தது. நட்சத்திரக் குறி கிடைத்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம், கிடைக்காவிட்டால் காகிதத்தில் பதில் வரும், அவ்வளவுதான் என்று விளக்கினாய். குலுக்கலில் நட்சத்திரம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டாய். அந்தக் காகிதம் எங்கே எழுதப்படும் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உன் கேள்வி டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஊட்டிக்கு வந்து, தாலுகா ஆபீஸுக்கு இறங்கி, ஒரு வியாழக்கிழமை பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆர்.ஐ. கையில் அங்கன்வாடி வாசலுக்கு வந்து நின்றது. "பார்லிமெண்ட்ல ஒரு கேள்வி வந்திருக்குதுங்க டீச்சர். உங்க பாகம்தானுங்க. நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா இப்பவே அனுப்பிப்போடலாம், மேல இருந்து மூணு தடவை ஃபோன் வந்திருச்சு" என்றார். தாளில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடியில் உங்கள் எம்.பி. பெயர் இருந்தது. நீ படித்துக்காட்டிய அதே வரிகள்.

சோற்றுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து எழுதினேன். மூன்று முறை நேரில் சென்றேன், வீடுகள் பூட்டியிருந்தன, அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், அறிவிப்பு ஒட்டப்பட்டது, ஆட்சேபம் எதுவும் வரவில்லை. கடைசி வரி ஒன்றுதான் உண்மை. அறிவிப்பையே பார்க்காதவர்கள் எப்படி ஆட்சேபம் சொல்வார்கள். ஆர்.ஐ. படித்துப் பார்த்து, "கரெக்டா இருக்குதுங்க" என்றார். நான் எழுதிய அந்த நாலு வரி வந்த வழியிலேயே மேலே ஏறிப் போனது. ஏற ஏறக் கடிதத்தாள் நல்லதாகிக்கொண்டே போயிருக்கும். கடைசியில் அமைச்சரின் பதிலாக உன் கையில் வந்து விழுந்தது. கள அறிக்கையின்படி உரிய நடைமுறை பின்பற்றப்பட்டது என்று அதில் இருந்ததாக நீ சொன்னாய்.

தேர்தல் சீர்திருத்தம் பற்றி விவாதம் நடந்த அன்று பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னபடி ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். உங்கள் எம்.பி. ஓட்டு இயந்திரத்தைப் பற்றிப் பேசினார், கட்சிகளுக்கு வருகிற பணத்தைப் பற்றிப் பேசினார், தேர்தலை நடத்துகிறவர்களை யார் நியமிப்பது என்று பேசினார். நடுநடுவே கூச்சல். பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம், ஒரே நிமிடம் என்று கேட்டு வாங்கி, தமிழிலேயே மேல் லைனைப் பற்றிச் சொன்னார். அரசின் பதிலைப் படித்துக் காட்டி, "இது பொய். அந்த வீடுகளுக்கு யாருமே போகவில்லை" என்றார். மைக் நின்றுவிட்டது. ஒலி இல்லாமல் அவர் வாய் மட்டும் அசைந்தது. அந்த நேரம் ஒரு பிள்ளை எழுந்து அழுதது. தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அமைச்சர் இந்தியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் நீ சொன்னாய். உறுப்பினரிடம் ஆதாரம் இருந்தால் கொடுக்கட்டும் என்றாராம். "யாரோ கீழ உக்காந்து கூசாமப் பொய் எழுதிப்போட்டாங்கம்மா. அந்த ஒரு ஆளால எல்லாம் போச்சு" என்றாய். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

அதன்பிறகு இத்தனை மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். திட்டம் போட்டு மறைத்தேன் என்று எண்ணாதே. அசதிதான். காலையில் எழுந்தால் முட்டை எண்ணுவது, எடை பார்ப்பது, படம் எடுத்து ஏற்றுவது என்று நாள் போய்விடும். அடுத்த வருடம் ஓய்வு. அதுவரை போய்விட்டால் பட்டியலையும் சாவியையும் யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். பெரிய கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே ஒரு மனுஷி இவ்வளவு தூரம் வந்துவிட முடியும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ எழுதுகிற கேள்விகளில் கெட்டவர்களைத் தேடுகிறாய். இருப்பார்கள். ஆனால் பாதி இடத்தில் என்னைப் போல் இரண்டு பாகத்தையும் இருபது பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, இன்றைக்கு முடிந்தால் போதும் என்று எழுதித் தள்ளுகிற ஒருத்திதான் இருப்பாள். அவளை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவளைப் பிடித்ததும் வேலை முடிந்தது என்று உன் எம்.பி.யும் அமைச்சரும் நினைத்துவிட்டால், அடுத்த வருடம் இன்னொருத்தி இதையே எழுதுவாள்.

நீ பெயர் கேட்ட பிறகு, புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, பெயர் சேர்க்கிற ஆறாம் படிவங்களை எடுத்துக்கொண்டு மேல் லைனுக்கு ஏறினேன். நாலு இடத்தில் உட்கார்ந்து போனேன். ஏழு கதவில் இரண்டு நிஜமாகவே பூட்டிக் கிடந்தன. மற்றவை திறந்திருந்தன. திருப்பூரில் ஆள் குறைத்ததால் பார்வதி போன மாதமே திரும்பி வந்துவிட்டாளாம். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நான்தான் எழுதினேன், நான் இங்கே வரவேயில்லை, பொய்யாக எழுதினேன் என்று. "தெரியுமே" என்றாள். "மேஸ்திரி அப்பவே சொல்லிட்டாரு." படிவத்தை நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "இது புதுசாச் சேர்றவங்களுக்கு உள்ளதுதானே டீச்சர்? நான் புதுசா வரலையே. இங்கதானே இருக்கேன். இதுல கையெழுத்துப் போட்டா நான் போனது நெசமுன்னு ஆயிடும். எழுதுனது தப்புன்னு நீங்க எழுதிக் குடுங்க. அப்புறம் போடறேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் அவள் சொல்வதுதான் சரி என்றார்கள்.

எழுதினேன். அந்த எடைக் கொட்டகை, மழை, மேஸ்திரி சொன்னது, ஒரே பேனாவில் போட்ட மூன்று தேதி, பார்லிமெண்ட் கேள்விக்கு நான் கொடுத்த நாலு வரி, எல்லாம். ஆர்.ஐ. அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஏனுங்க டீச்சர், ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்குங்க இது? படிவத்தை வாங்கிச் சேர்த்துப்போடலாம், யாருக்கும் தெரியாது. இதை நான் வாங்கினா மேல அனுப்பியாகணும். உங்களைச் சும்மா விடமாட்டாங்க" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அனுப்புங்கள் என்றேன். வெகு நேரம் கழித்து நகலில் சீல் போட்டுக் கொடுத்தார். நேற்று அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன். பார்வதி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவளுடைய நகலை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். பெயர்கள் வருமா, எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்கிறார் ஆர்.ஐ. போவேன்.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன். பஸ்ஸில் என் மகன் அத்தனை தூரம் கேட்டானே, யார் எழுதியது என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று. "சொல்லத்தான் இருந்தேங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பதான் மஞ்சூர் அங்கன்வாடி டீச்சர் பையன்னு சொன்னாரு. அம்மாவைப் பத்தி மகன்கிட்ட நான் எப்படிங்க சொல்றது? யாருன்னு தெரியலைன்னுட்டேன்" என்றாள். "உங்க மேல கோவம் போகலைங்க" என்றும் சொன்னாள். போக வேண்டியதில்லை என்றேன்.

சீல் வைத்த நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. அமைச்சர் உங்கள் எம்.பி.யிடம் கேட்ட ஆதாரம் இதுதான். சபையில் வைப்பதானால் வைக்கட்டும். அம்மா என்று பார்த்து நீ அதை மேசைக்குள் போட்டுவிடாதே. அப்படிச் செய்தால் எனக்குப் பிறகு நீயும் அந்த மறைக்கிற வேலையைச் செய்தவனாகிவிடுவாய். வேலை போனால் போகட்டும், அப்பாவின் பென்ஷன் இருக்கிறது, எனக்கு அரிசி கொஞ்சம் போதும். ஆனால் எம்.பி.யிடம் கொடுப்பதற்கு முன்னால், என்னைக் கூப்பிடுவதற்கும் முன்னால், பார்வதியைக் கூப்பிடு. அவள் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். போன முறை என்ன நடந்தது என்று மட்டும்தான் அவளிடம் கேட்டாய். அவள் பெயரை அத்தனை பேருக்கு நடுவே படிக்கலாமா, கூடாதா, அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அவள் விரும்புகிறாள் என்று இந்த முறை கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை எங்கேயாவது ஓரிடத்தில் உட்கார்ந்து கேள்.